பென்சிலுக்கு முன்னால் பல்லாங்குழி

எல்.கே.ஜி. சேர்ந்து மூன்று மாதம் ஆன பிள்ளையின் நோட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் டீச்சர் எழுதிக் கொடுத்த ‘அ’. அதன் கீழே புள்ளி வைத்த ‘அ’ பத்து. அதற்கும் கீழே பிள்ளை தானாக எழுதியவை: ஒன்று மல்லாந்து கிடக்கும், ஒன்றுக்குச் சுழி இருக்காது, ஒன்று பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்திருக்கும். எழுத்தை விட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். பென்சில் அழுத்திய மேடு தட்டுப்படுகிறதா? பார்க்க வேண்டியது அந்த மேட்டைத்தான். விரல் செய்ய வேண்டிய வேலையைத் தோளும் முழங்கையும் சேர்ந்து செய்திருக்கின்றன.

எழுத்து விரல் நுனியில் முடிகிற வேலை, தொடங்குவது தோளில். தோள் நிலையாக நின்றால் முழங்கை நிதானப்படும். மணிக்கட்டு கொஞ்சம் பின்னால் மடங்கி நின்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தனித்து அசையும். இதில் எங்கே தளர்ச்சி இருந்தாலும் உடம்பு வேறொரு இடத்தை இறுக்கி ஈடுகட்டிக்கொள்ளும். நாக்கைத் துருத்திக்கொண்டு, தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு எழுதுகிற பிள்ளையைப் பார்த்து “எவ்வளவு கவனமா எழுதுது பாரு” என்று பூரிக்கிறோம். பாவம், அது படுகிற பாடு அது.

வாட்ஸ்அப்பில் ஒரு எக்ஸ்ரே படம் சுற்றும்: சின்னப் பிள்ளையின் கையில் எலும்புகளுக்கு நடுவே வெற்றிடம், பெரிய பிள்ளையின் கையில் எல்லாம் நிறைந்திருக்கும். படத்தில் தெரிவது உண்மைதான். மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் சில மாதங்களில் இரண்டு எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும், மற்றவை ஒவ்வொன்றாக வரும், கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். அதற்காக எலும்பு முற்றும் வரை பென்சிலையே காட்டக்கூடாது என்று சொல்வது அதிகப்படி. எழுத்தைத் தீர்மானிப்பதில் எலும்பைவிடத் தசையின் பலமும், விரல்களைத் தனித்தனியாக அசைக்கிற பழக்கமும், கண் பார்த்ததைக் கை செய்கிற ஒத்திசைவும்தான் பெரிய பங்கு வகிக்கின்றன. இவை மூன்றும் பயிற்சியால் வருபவை.

பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். அது பார்க்காதபோது தாளில் ஒரு வடிவத்தை வரைந்து வைத்து, “இதே மாதிரி போடு” என்று கேளுங்கள். நாம் வரைவதைப் பார்த்துவிட்டு அதேபோலச் செய்வது எளிது. முடிந்த வடிவத்தைப் பார்த்து வரைவதற்குக் கூடுதல் திறமை வேண்டும். நெடுக்குக்கோடு, படுக்கைக்கோடு, வட்டம் மூன்றும் மூன்று வயதை ஒட்டி வரும். கூட்டல் குறி நான்கு வயதில், சதுரம் நாலரையில், பெருக்கல் குறி ஐந்தை நெருங்கும்போது, முக்கோணம் ஐந்து தாண்டி. சில மாதங்கள் முன்பின் ஆவது சகஜம். சாய்கோடு கடைசியில் வருவதைக் கவனியுங்கள். உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்காக இழுப்பது சின்னக் கைக்குக் கஷ்டமான காரியம்.

இந்த வரிசையைத் தமிழ் எழுத்துகளோடு பொருத்திப் பார்த்தால் எல்.கே.ஜி. நோட்டின் கோளாறு புரிந்துவிடும். ‘அ’வில் சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, வந்த வழியை வெட்டிக்கொண்டு போகிற குறுக்குக்கோடு இருக்கிறது, முடிவில் ஒரு நெடுக்குக்கோடும் இருக்கிறது. மூன்றரை வயதுக் கைக்கு இது சர்க்கஸ். ‘இ’யோ அதற்கும் மேலே. ஆனால் ‘ட’வைப் பாருங்கள்: கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அதை மேலே தூக்கினால் ‘ப’. ‘ப’ கைக்கு வந்துவிட்டால் ‘ம’வும் ‘ய’வும் தூரமில்லை. ட, ப, ம மூன்றும் புள்ளி வைக்கவும் தெரிந்தாலே படம், பட்டம், மடம் என்று சொல்லாகவே எழுதிவிடலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதிக் கிடைக்காத சந்தோஷம், ‘படம்’ என்று ஒரே ஒரு தடவை எழுதியதில் கிடைக்கும்.

அதனால் சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அ, ஆ, இ, ஈ என்று பாடட்டும், அட்டையில் பார்த்து அடையாளம் சொல்லட்டும், அது காதுக்கும் கண்ணுக்குமான வேலை. கைக்கு ட, ப, ம, யவில் தொடங்கி, பிறகு ர, அதன்பின் சுழி வருகிற உ, வ, அப்புறம் ஒரே குடும்பமான க, ச, த என்று போகட்டும். ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’, அ, இ எல்லாம் கடைசி பெஞ்ச்.

சுழி என்றதும் இன்னொரு சிக்கல். பிள்ளையார் சுழியான ‘உ’ வலஞ்சுழி. கடிகார முள் போகிற பக்கம் வளைகிறது. ஆங்கிலத்தின் சின்ன சி, ஓ, ஏ, டி எல்லாம் இடஞ்சுழி. ஒரே வாரத்தில் இரண்டையும் எழுத வைக்கிறோம், பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுகிறது. எழுத்துக்கு முன்னால் வட்டத்தையே இரண்டு விதமாகப் போட்டுப் பழக்கினால் இந்தக் குழப்பம் பாதியாகும். ஒரு நாள் முழுக்க இட்லித் தட்டைச் சுற்றி வலம் வருகிற வட்டம், மறுநாள் எதிர்ப்பக்கம். வாயால் சொல்லிக்கொண்டே போட வேண்டும்.

கைக்கு வேண்டிய சாமான்களுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை, சமையலறையே போதும். பட்டாணி உரிப்பது, வேர்க்கடலையை உடைப்பது, பூண்டுத் தோலை நுனி விரலால் பிரிப்பது, கீரை ஆய்வது, துணிக்கு கிளிப் போடுவது எல்லாம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிரே நிறுத்துகிற வேலை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சாதத்தைப் பிள்ளையே பிசைந்து எடுத்து உண்ணட்டும். ஐந்து விரலையும் குவித்து, பருக்கை சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோய், கட்டைவிரலால் உள்ளே தள்ளுவது ஒரு நாளைக்கு மூன்று வேளை இலவசப் பயிற்சி. சிந்துகிறது, நேரமாகிறது என்று நாலு வயது வரை ஊட்டிவிட்டு, அப்புறம் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை என்று கவலைப்படுவது நம் வீடுகளில் நடக்கிற விசித்திரம்.

பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஆட்ட விதி நாலு வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை; ஒரு குழியில் உள்ள ஐந்து புளியங்கொட்டையை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டால் போதும். கை என்ன செய்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி மிச்சக் கொட்டைகளைப் பொத்திக்கொள்கின்றன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒரே ஒரு கொட்டையை உருட்டி ஆள்காட்டி விரலின் நுனிக்குக் கொண்டுவந்து விடுகிறது. கையின் ஒரு பாதி சும்மா பிடித்துக்கொண்டிருக்க, மறுபாதி வேலை செய்கிறது. பென்சில் பிடித்து எழுதும்போது நடப்பதும் இதே பிரிவினைதான். புதிதாகப் பழகும் பிள்ளை எல்லாக் கொட்டையையும் ஒரே குழியில் கொட்டிவிடும், அல்லது மற்றொரு கையால் எடுத்துப் போடும். அப்போது ஐந்தை இரண்டாகக் குறையுங்கள். இரண்டு சரியாக வந்தபின் மூன்று. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, சோழி, மணி எதுவும் அதன் கைக்கு எட்டக்கூடாது. தொண்டையில் சிக்கும், மூக்கில் போட்டுக்கொள்ளும்.

மாவு பிசைவதும் அப்படித்தான், ஆனால் கடையில் விற்கிற வண்ண மாவு பெரும்பாலும் வெண்ணெய் போல இருக்கும். கைக்கு எதிர்ப்பே கிடைக்காது. வீட்டிலேயே மைதா ஒரு கப், தூள் உப்பு கால் கப், எண்ணெய் ஒரு டீஸ்பூன் சேர்த்து, தண்ணீரைக் கால் கப்பில் தொடங்கி ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, மைதா தூவுங்கள். உருட்டும்போது வெடித்தால் சில சொட்டு எண்ணெய். மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் வரும். நீர்த்துப் போனாலோ வாடை வந்தாலோ தூக்கிப் போட்டுவிடலாம். விரலில் வெட்டுக்காயம் இருக்கிற அன்று வேண்டாம், உப்பு எரியும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருண்டை பிடிப்பது மூன்று வயது வேலை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியால் அம்மிணிக் கொழுக்கட்டை அளவுக்கு உருட்டுவது நாலு வயது வேலை. இந்த இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டும்போது ஒரு தட்டு மாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் தனி வகுப்பு எதற்கு? பிள்ளை உருட்டியதை எண்ணெயில் போடும் முன் அழுத்தம் இல்லாமல் மறுபடி உருட்டிவிடுங்கள். இறுகிய சீடை வெடிக்கும்.

தோளுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ், ஒரு குவளைத் தண்ணீர், மொட்டை மாடிச் சுவர்: மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று ‘பெயின்ட்’ அடிக்கட்டும். செங்குத்துப் பரப்பில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகவே பின்னால் மடங்கும், சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சிலேட்டைச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டிவிட்டாலும் இதே பலன். அப்புறம் தள்ளுவண்டி விளையாட்டு: பிள்ளை கைகளை ஊன்றி நடக்க, நாம் காலைப் பிடித்துக்கொள்வது. கணுக்காலைப் பிடித்தால் முதுகு தொய்ந்து வயிறு கீழே இறங்கிவிடும். முதலில் தொடையைப் பிடித்துப் பத்து எட்டு வைக்கட்டும். முதுகு நேராக நிற்கப் பழகியபின் முழங்காலுக்கு மாறலாம்.

கத்தரிக்கோலைக் கொடுக்கப் பயப்படுகிறவர்கள் அதிகம், அதனால் பிளாஸ்டிக் அலகு உள்ளதை வாங்கிக் கொடுத்து, அது தாளை வெட்டாமல் மடக்க, பிள்ளை எரிச்சலில் வீசிவிடுகிறது. முனை மழுங்கிய, ஆனால் இரும்பு அலகுள்ள சின்னக் கத்தரிக்கோல் வாங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். செய்தித்தாளில் தொடங்காதீர்கள், மெல்லிய தாள் அலகுக்கு நடுவே வளைந்துகொள்ளும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் உத்தமம். அதை இரண்டு செ.மீ. அகலப் பட்டைகளாக நீங்கள் வெட்டிக் கொடுத்தால், பிள்ளை ஒரே ‘சடக்’கில் ஒரு துண்டு வெட்டிவிடும், முதல் வாரம் அது மட்டும் போதும். பிறகு தடித்த ஸ்கெட்ச் பேனாவால் போட்ட நேர்க்கோடு, நாலு வயது தாண்டி வளைவு, ஐந்தில் வட்டம். இரண்டு கையிலும் கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். முழங்கை இறக்கை போல விரிந்தால், கக்கத்தில் ஒரு கைக்குட்டையை வைத்து “கீழே விழாம வெட்டு” என்று சொல்லிப் பாருங்கள். வட்டம் வெட்டும்போது வலக்கைப் பிள்ளை இடஞ்சுழியாகப் போக வேண்டும், இடக்கைப் பிள்ளை வலஞ்சுழியாக. இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வாங்க வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோலில் அதற்கு வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

இனி எழுத்துக்கு வருவோம். விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் எழுத வைக்கிறோம். இலங்கையில் ஏடு தொடக்குதல் என்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். அந்த முறையில் அருமையான விஷயம் இருக்கிறது, நாம்தான் அதை ஒரே நாள் சடங்காக்கிவிட்டு மறுநாளே பென்சிலைத் திணிக்கிறோம். தினமும் செய்ய அரிசியைவிட ரவை நல்லது. தாம்பாளத்தில் கரும்பச்சையோ நீலமோ அடர்ந்த நிறத் தாளை விரித்து, அதன்மேல் ரவையை அரை செ.மீ.க்குக் குறைவாகப் பரப்புங்கள். ரவை கூடினால் கோடு இழுத்த பள்ளத்தை இரண்டு பக்கமும் சரிந்து மூடிவிடும், கீழே இருக்கிற நிறம் தெரியாது. மிகக் குறைந்தால் விரலுக்கு உரசலே இருக்காது. அரிசி மாவு பறந்து மூக்கில் ஏறும், ஈரக் கையில் ஒட்டும். ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டி, மற்றவை மடங்கி இருக்கட்டும். எழுத்து பிள்ளையின் உள்ளங்கை அளவுக்குக் குறையக்கூடாது. “மேலேருந்து கீழே, அப்படியே வலது பக்கம்” என்று ‘ட’வுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே எழுதட்டும். தப்பானால் தட்டை ஒரு குலுக்கு, தப்பு போயே போச்சு.

ரவைக்கு அடுத்தது சிலேட்டு. பலப்பம் உரசுவதால் கைக்குத் தகவல் கிடைக்கிறது, வழுக்குகிற வெள்ளை போர்டில் அது கிடைக்காது. பிள்ளை பலப்பம் தின்கிறதா என்று கவனியுங்கள். திட்டி நிறுத்துகிற பழக்கம் இல்லை அது. இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதுண்டு, டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்க்க வேண்டும்.

பென்சில், கிரேயான் விஷயத்தில் ஒரே ரகசியம்: உடைத்துக் கொடுங்கள். மூன்று செ.மீ. கிரேயான் துண்டை முஷ்டியால் பிடிக்கவே முடியாது, இடமில்லை. கட்டைவிரலும் இரண்டு விரலும் தானாக வந்து சேரும். முழு நீளப் பென்சில் கொடுத்துவிட்டு “சரியாப் பிடி” என்று நூறு தடவை சொல்வதைவிட இது சுலபம். பென்சிலுக்கு மாறும்போது பாதியாக வெட்டிய பென்சில், எட்டு பத்து செ.மீ. நீளத்தில். முனை பிள்ளையைப் பார்க்கும்படி மேசையில் வைத்து, முனைக்கு இரண்டு செ.மீ. மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கச் சொல்லி, மற்றக் கையால் பென்சிலின் பின்பக்கத்தைத் திருப்பிச் சாய்த்தால் அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பொந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று விரல் பிடியோ நாலு விரல் பிடியோ, இரண்டும் சரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வட்டமாக ஒரு இடைவெளி தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கட்டைவிரல் மற்ற விரல்மேல் ஏறிப் பூட்டிக்கொண்டால் விரல் அசையாது, கை முழுவதும் அசையும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் விறைத்து நீண்டால் ஒரு பஞ்சு உருண்டையை அவற்றுக்குள் பொத்தி வைக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி ஆடிய கைக்கு இது உடனே புரியும்.

உட்காருவதில் பாதம் தரையிலோ மணைமேலோ முழுதாகப் பதிய வேண்டும். கால் தொங்கினால் கை நிற்காது. மேசை முழங்கை உயரத்துக்கு மேல் இரண்டு விரற்கடை. தரையில் சம்மணம் போட்டு எழுதுவதானால் மடிக்கு எதிரே ஒரு தடித்த ஃபைலைச் சாய்த்து வையுங்கள். தாளை வலக்கைப் பிள்ளைக்கு இடப்பக்கமும், இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கமும் சற்றுச் சாய்க்க வேண்டும். இடக்கைப் பிள்ளையைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், முழங்கை இடிக்காது. சோறு சோத்தாங்கையால் சாப்பிடட்டும் என்று பெரியவர்கள் சொன்னால் அது வீட்டு வழக்கம். எழுதுகிற கையை மட்டும் மாற்றாதீர்கள்.

புள்ளி வைத்த எழுத்தின்மேல் எழுத வைப்பதைப் பற்றி: கோலப் புள்ளியும் நோட்டுப் புள்ளியும் வேறு வேறு. கோலத்தில் இரண்டு புள்ளி தள்ளித் தள்ளி இருக்கும், கண் அடுத்த புள்ளியைக் குறிவைக்க, கை ஒரே இழுப்பில் போய்ச் சேரும். நல்ல பயிற்சி, சாக்பீஸால் மூன்று புள்ளிக் கோலம் நாலு வயதிலேயே ஆரம்பிக்கலாம். நோட்டில் ஒரு எழுத்துக்கே முப்பது புள்ளி. பிள்ளை புள்ளிக்குப் புள்ளி தட்டுத்தடுமாறிப் போகும், எங்கே தொடங்கி எந்தத் திசையில் போனால் ‘ப’ வரும் என்பது மனதில் பதியவே பதியாது. கீழிருந்து மேலே எழுதினாலும் புள்ளிமேல் சரியாகவே இருக்கும். டீச்சர் ஸ்டார் போட்டுவிடுவார். அதைவிட, தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளையிடம் விடலாம். கையைப் பிடித்து எழுத வைப்பதிலும் புள்ளி நோட்டின் கோளாறுதான்: எழுதுவது உங்கள் கை, பிள்ளையின் கை சவாரி போகிறது.

2022-ல் வந்த அடித்தள நிலைக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியில்தான் கற்க வேண்டும் என்கிறது. பல எல்.கே.ஜி. நோட்டுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை சாதாரணம், பதற வேண்டாம். பதற வேண்டியவை வேறு. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றக் கையை ஒதுக்குவது, ஐந்தரை வயதிலும் வட்டமோ கூட்டல் குறியோ பார்த்து வரைய முடியாதது, பட்டன் போடுவதிலிருந்து பந்து பிடிப்பது வரை எல்லாவற்றிலும் தடுமாற்றம், கை நடுக்கம், முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியாமல் போவது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் குழந்தை நல மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கையை ஒதுக்குவதையும் நடுக்கத்தையும்கூட முதலில் அவரிடமே காட்டுங்கள். மற்றவற்றுக்கு, அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்கலாம். அரசுப் பக்கம் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம்.

வீட்டுப்பாடம் ஒரு பக்கம் வந்தால் டீச்சரிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலான டீச்சர்களுக்கும் இது தெரியும்; பக்கத்தை நிரப்பச் சொல்வது பெற்றோர் கேட்பார்களே என்றுதான். “பத்துக்குப் பதில் மூணு எழுதுறான், அதுல நல்லா வந்ததுக்கு அவனே வட்டம் போடுறான், மத்த நேரம் ரவையில எழுதுறான்” என்று நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நாலு வயதில் உட்கார்ந்து எழுதுவது ஐந்து நிமிடம், ஐந்தில் பத்து நிமிடம். ரப்பரை மட்டும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்து ஒளித்து வையுங்கள். அழித்து அழித்து ஓட்டை விழுந்த தாளின்மேல் மறுபடி எழுதச் சொல்வதைவிட, தப்பின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும்.